பயனீட்டாளர் கேள்வி-பதில்: பியர் காய்ச்சும் சாமான்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டில் பியர் காய்ச்சும் சாமான்களைப் பற்றியவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

இணையத்தில் 850 வெள்ளிக்கு பேல் ஏல் என்ற பியர் வகையைக் காய்ச்சும் முழு செட் விற்கிறார்கள். "சொந்த உபயோகத்துக்கு உரிமம் தேவையில்லை" என்று விளம்பரத்திலேயே இருக்கிறது. வாங்கலாமா?
– செந்தூல்

வாங்காதீர்கள். மலேசியாவில் 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி மதுபானம் தயாரிக்க சுங்கத்துறையின் உரிமம் வேண்டும். அந்த விளம்பரத்தை இப்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், தவறான தகவல் சொல்லி விற்றார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். விடுமுறையில் வந்தபோது பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையில் 5 கிலோ பார்லி வாங்கிப் போனேன். மால்ட் விலையில் பாதிகூட இல்லை. ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்தும் இனிப்பே இறங்கவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– பட்டர்வொர்த்காரர்

இல்லை தம்பி. பார்லி கேட்டீர்கள், பார்லி கொடுத்தார். சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்காமல், காய்ச்ச அனுமதி இருக்கிறது. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து அரைப்பதில்லையா, அதே வேலைதான். முளைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் என்சைம்கள் தானியத்துக்குள் உருவாகின்றன. மளிகைக் கடையில் கிடைப்பது தோல் தீட்டிய வெள்ளைப் பார்லி. அது முளைக்கவே இல்லை, அதில் அந்த என்சைம்கள் கிடையாது. நாள் முழுக்க ஊறவைத்தாலும் கஞ்சிதான் வரும். உமியும் போய்விட்டதால் சாறு வடிவதும் கஷ்டம்.

20 லிட்டருக்கு, சுமார் 5 சதவீத பேல் ஏல் வேண்டுமென்றால் 4.5 முதல் 5 கிலோ பேல் மால்ட் வாங்குங்கள். பொட்டலத்தில் "மால்ட்" என்று எழுதியிருக்க வேண்டும். அரைத்துத் தருவதாக இருந்தால் அரைத்த தேதியைக் கேளுங்கள், நம் ஊர் ஈரத்தில் அரைத்த மால்ட் சீக்கிரம் நமத்துவிடும். 66, 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறட்டும். புளிக்கும் இடம் 20 டிகிரி பக்கம் இருக்க வேண்டும், அதற்கு ஒரு பழைய குளிர்பெட்டி தேவைப்படும். இதெல்லாம் பத்து நிமிடம் படித்தால் தெரியும் விஷயம். பணம் கொடுப்பதற்கு முன்னால் படித்திருக்கலாம்.

நானும் சிங்கப்பூரில்தான். மூன்று எவர்சில்வர் பாத்திரங்கள், பம்பு எல்லாம் சேர்த்து ஒரு செட் பார்த்திருக்கிறேன். முதல் தடவைக்கு இது தேவையா?

தேவையில்லை. ஒரு பெரிய பானையும், மால்ட்டைப் போட்டு ஊறவைக்க வெப்பம் தாங்கும் துணிப்பையும் போதும்.

மெல்பர்னில் இருக்கும் அண்ணன் வீட்டில் பியர் காய்ச்சுவார். அவருக்குப் பரிசாக ஜார்ஜ்டவுனில் 65 வெள்ளிக்கு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி அனுப்பினேன். பெட்டியில் "1 டிகிரி துல்லியம்" என்று இருந்தது. பியர் தித்திப்பாகவே நின்றுவிட்டது என்கிறார். கொதிக்கும் நீரில் வைத்துப் பார்த்தால் 94 காட்டுகிறதாம். கடையில் கேட்டால், சுவரில் இருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" பலகையைக் காட்டுகிறார்கள்.
– ஆயர் ஈத்தாம்

அம்மா, உங்கள் அண்ணன் சொல்வது சரி. கொதிநீரில் 6 டிகிரி குறைத்துக் காட்டும் கருவி, மால்ட் ஊறும்போது 67 என்று சொன்னால் உண்மையில் 73 பக்கம் இருந்திருக்கும். அந்தச் சூட்டில், ஈஸ்ட் சாப்பிடக்கூடிய சர்க்கரையை அதிகம் தரும் பீட்டா அமிலேஸ் என்ற என்சைம் சில நிமிடங்களில் அழிந்துவிடும். மிஞ்சுவதை ஈஸ்ட்டால் முழுதாகப் புளிக்கவைக்க முடியாது. தித்திப்பு அதனால்தான். அவர் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை.

இப்போது அந்தப் பலகை. எத்தனையோ வருடமாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது, அது 32ஆம் பிரிவு. சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது 34ஆம் பிரிவு. கடைக்காரர் பலகையில் எழுதினாலும் ரசீதில் அச்சடித்தாலும் இந்த உரிமைகளை எடுத்துவிட முடியாது. மனம் மாறி "நிறம் பிடிக்கவில்லை" என்று திருப்பிக் கொடுப்பவருக்கு அந்தப் பலகை பொருந்தலாம். பழுதான பொருளை விற்றவர் அதன் பின்னால் ஒளிய முடியாது. எனக்கு விற்கப்பட்ட சமையல் தராசு ஒன்று 200 கிராம் வெண்ணெயை 180 என்று காட்டியது. அந்தக் கடைக்காரரும் வாயைத் திறக்காமல் சுவரைத்தான் காட்டினார். எத்தனை பேர் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அண்ணனைக் கொதிநீர்ச் சோதனையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கருவியையும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுங்கள். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, போய்ப் பேசுங்கள். 65 வெள்ளிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ) பொட்டலத்தைப் பிரித்தால் பழுப்பாக, பழைய சீஸ் மாதிரி வாசம். பரவாயில்லையா?

காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. திருப்பிக் கொடுங்கள். அறுவடை வருடமும் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமில அளவும் அச்சடிக்காத பொட்டலத்தை, குளிர்பெட்டிக்கு வெளியே வைத்து விற்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.

பியர் இல்லை, இஞ்சி போட்டுப் புளிக்கவைத்த பானம்தான். அலங்காரக் கடையில் வாங்கிய கிளிப் மூடி கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். இரவில் இரண்டு வெடித்துவிட்டன. யாருக்கும் அடி இல்லை.
– கெப்போங்

நல்லவேளை. மீதி பாட்டில்களை வெறுங்கையால் தொடாதீர்கள். கெட்டியான துணி போர்த்தி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, மெல்லத் திறந்து கொட்டிவிடுங்கள். அலங்காரப் பாட்டில், முக்கியமாகச் சதுரமானது, எண்ணெயும் தேனும் வைக்கத்தான். வாயு அழுத்தத்தை அது தாங்காது. சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில் போதும், இறுகிக் கல் மாதிரி ஆனதும் குளிர்பெட்டியில் வையுங்கள். விற்றவர் "புளிக்கவைக்க ஏற்றது" என்று எழுதியிருந்தாரா? எழுதியிருந்தால் உடைந்த துண்டுகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று நான் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் ஒருவர் பாதி விலைக்கு ஹைட்ரோமீட்டரும் (சாறில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் கருவி) குளிர்பெட்டியும் தருவதாகச் சொன்னார். நேற்று இரவு 600 வெள்ளி அனுப்பினேன். இப்போது பதில் இல்லை. அவர் பெயர் தெரியாது, ரசீதும் இல்லை.
– பிரிக்ஃபீல்ட்ஸ்

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள். அப்புறம் வங்கி, அப்புறம் போலீஸ். பெயர் தெரியாதவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை தடவை எழுதுவது?