தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் என்ன? அன்றாட மகிழ்ச்சிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தன் குறை நிறைகளை உள்ளபடி அறிந்து, குறைக்காகத் தன்னையே ஏசிக்கொள்ளாமல் இருப்பதுதான் தன்னை ஏற்றுக்கொள்வது. ஓயாமல் தன்னைக் கடிந்துகொள்பவரின் உடல் அந்த ஏச்சையும் ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொண்டு விறைத்துவிடுவதால், மாலையில் தருமபுரி பேருந்து நிலையத்தில் நின்று குடிக்கும் இஞ்சித் தேநீரின் ருசிகூட அவர் மனத்தில் ஏறுவதில்லை.

கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர்களைப் பாருங்கள். ஓராண்டு கிளை தாழக் காய்த்த மரம், சேர்த்துவைத்த சத்தைச் செலவழித்துவிட்டதால் மறு ஆண்டு குறைவாகக் காய்ப்பதுண்டு என்று அறிந்தவர்கள், அதற்காக மரத்தை வெட்டுவதில்லை. கவாத்து செய்து (வேண்டாத கிளைகளை நறுக்கி) எருவிட்டு, காய்த்த நாலு பழத்தையும் ருசித்தே சாப்பிடுகிறார்கள்.

இப்படித் தன்னையும் ஏற்றுக்கொண்டால் சோம்பல் வந்துவிடும் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். ஆனால் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட சோதனையில், முதல் தேர்வில் சறுக்கியபின் தம்மைப் பரிவோடு பார்க்கத் தூண்டப்பட்டவர்களே அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள்.