பாகவதரப் பத்திக் கேளுங்கோ, தெரிஞ்சதச் சொல்லுறன்

திருக்கோணமலை ஆக்கள் பழைய தமிழ்ப் பட பாட்டுக்கார நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதரப் பத்திக் கேட்டதுகளுக்கு இதில பதில் போடுறன்.

உவர்மலைத் தம்பி: முதல் படம் எது அண்ணை?
பவளக்கொடி, 1934. கே. சுப்பிரமணியம் டைரக்‌ஷன், ஜோடி எஸ். டி. சுப்புலட்சுமி.

நிலாவெளி அக்கா: அவர் கொலை செஞ்சவராமே?
இல்லை அக்கா. 1944 நவம்பர்ல லட்சுமிகாந்தன் எண்ட பத்திரிகைக்காரர் குத்துப்பட்டுச் செத்தவர், அந்தக் கேஸ்ல பாகவதரையும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனையும் பிடிச்சு ஆயுள் தண்டனை குடுத்தது, மேல லண்டன் பிரிவி கவுன்சில் (அப்ப இருந்த கடைசி அப்பீல் கோர்ட்) வரைக்கும் போய், அவையள் திரும்ப விசாரிக்கச் சொல்லி, 1947 ஏப்ரல்ல சென்னை ஹைகோர்ட் ரெண்டு பேரையும் விடுதலை செஞ்சது. வாட்ஸ்அப்பில வாறத நம்பாதேங்கோ.

மூதூர் தம்பி: கொலைக் கேஸ் என்னாச்சு?
மேல அக்காவுக்குச் சொல்லியிருக்கு, வாசியுங்கோ.

சாம்பல்தீவு அண்ணன்: அந்தக் கால நடிகர் பி. யு. சின்னப்பாவுக்குக் கிட்டவும் இவர் வரமாட்டார்.
தம்பலகாமம் தம்பி: பாட்டில ஆரும் பாகவதர அடிக்க ஏலாது அண்ணன்!
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. நடிப்பெண்டா சின்னப்பாதான், 1940ல உத்தமபுத்திரன்ல ரெட்டை வேசம் போட்ட மனுசன், அத ஒத்துக்கொள்ளுறன். ஆனா குரல்? மைக் இல்லாத மேடையில கடைசி வரிசைக்கும் கேக்கப் பாடிப் பழகின தொண்டை அது, அதாலதான் அவ்வளவு உச்சத்திலயும் பிசிறு இல்லை. ஹரிதாஸ் படத்தில 'மன்மத லீலையை' கேளுங்கோ, பாபநாசம் சிவன்ர பாட்டு, சாருகேசி ராகம். நடுவில "ரம்பா" எண்டு, ரம்பாவா நடிச்ச டி. ஆர். ராஜகுமாரியக் கூப்பிட்டிட்டு, மூச்சு வாங்கினதே தெரியாம திரும்பப் பாட்டுக்குள்ள போவார். அந்த இடத்தில சின்னப்பா இல்லை, ஆரும் இல்லை.

சாம்பல்தீவு அண்ணன்: அது ஒரு பாட்டுத்தானே?
அண்ணன், அந்தப் படம் 1944 தீபாவளிக்கு வந்து மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூண்டு தீபாவளி கண்டது. ஆள் ஜெயில்ல, படம் வெளியில ஓடுது. ஒரு பாட்டுக்காகவோ சனம் அப்பிடிப் போகும்?

கிண்ணியா தம்பி: கொலை செஞ்சதாலதானே படம் குறைஞ்சது?
தம்பி, விடுதலையான மனுசன இப்பிடிச் சொல்லாதேங்கோ, எனக்கு மனசு கொதிக்குது. உள்ள இருந்த ரெண்டு வருசத்துக்கு மேலான காலத்தில சினிமா மாறிப்போச்சு, பாட்டுக் குறைஞ்சு வசனம் கூடிட்டு. 1948ல வந்த ராஜமுக்தி ஓடேல்ல, பிறகு வந்ததுகளும் பழைய மாதிரிப் போகேல்ல. 1959 நவம்பர் 1, 49 வயசில போயிட்டார். மொத்தம் 14 படம், கடைசிப் படம் சிவகாமி அவர் செத்தாப்பிறகு 1960லதான் வந்தது.

ஆனந்தபுரித் தங்கச்சி: எதில தொடங்கிப் பாக்கலாம்?
ஹரிதாஸ் முழுசாப் பாருங்கோ தங்கச்சி, பிறகு அசோக்குமார், சிவகவி. ராஜமுக்தியக் கடைசிக்கு வையுங்கோ.