துருவப் பயணங்களில் விடாமுயற்சிக்கும் கூட்டு உழைப்புக்கும் சிறந்த எடுத்துக்காட்டு எது?

எல்லோரும் அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடந்துவிடப் புறப்பட்ட ஷாக்கில்டனைத்தான் சொல்வார்கள். நானும் அதே பயணத்தைத்தான் சொல்கிறேன், ஆனால் அவருடைய தச்சரை முன்னால் நிறுத்தி.

அவருடைய எண்டூரன்ஸ் கப்பலில் 28 பேர். 1915 ஜனவரியில் அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடெல் கடலின் பனிக்கட்டிகள் கப்பலைச் சிறைபிடித்தன. நவம்பரில் அது மூழ்கியது. மிஞ்சியவை மூன்று படகுகள்.

தச்சர் ஹாரி மெக்நிஷ் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர். பனிமேல் முகாமிட்டதும் அவர் வளர்த்த பூனையைச் சுட்டுவிடச் சொன்னார் ஷாக்கில்டன், உணவு தட்டுப்பாடு. டிசம்பரில் கரடுமுரடான பனியில் படகுகளை இழுத்துச் செல்லும்போது மெக்நிஷ் முரண்டு பிடித்தார். கப்பலே போய்விட்ட பிறகு உத்தரவுக்குக் கட்டுப்படத் தேவையில்லை என்பது அவர் வாதம். ஒப்பந்தத்தைப் படித்துக்காட்டித்தான் அவரைப் பணியவைத்தார்கள். அந்த இழுவையைச் சில நாட்களிலேயே கைவிட்டார்கள் என்பது வேறு கதை.

1916 ஏப்ரலில் எலிஃபண்ட் தீவை அடைந்தார்கள். அந்தப் பக்கம் எந்தக் கப்பலும் வராது. ஏழு மீட்டர் நீளப் படகில் ஆறு பேர், சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளியிருந்த தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போய் உதவி கேட்பது என்று முடிவாயிற்று. அந்த ஆறு பேரில் மெக்நிஷும் ஒருவர்! முணுமுணுப்பவரைத் தீவில் விட்டால் மற்றவர்கள் மனமும் கெடும் என்ற கணக்கும் இதில் உண்டு என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் படகைக் கடலுக்குத் தகுதியாக்கியதே அவர் கைதான். சறுக்கு வண்டிச் சட்டங்கள், பெட்டிப் பலகைகள், கித்தான் துணி ஆகியவற்றைக் கொண்டு மேல்தளம் போட்டார். இடுக்குகளை எண்ணெய்ச் சாயமும் கடல்நாய் இரத்தமும் பூசி அடைத்தார்.

பதினாறு நாட்கள் மும்மூன்று பேராக முறைவைத்து விழித்திருந்தார்கள். தெறித்த அலைநீர் படகின்மேல் உறைந்து பாரமேற்றியது. சறுக்கும் தளத்தில் தவழ்ந்து போய் அதை வெட்டித் தள்ளினார்கள். கரையேறியதோ தீவின் ஆளற்ற பக்கம். நலிந்துபோன மெக்நிஷ் அங்கேயே தங்கிவிட்டார். ஷாக்கில்டன், வோர்ஸ்லி, க்ரீன் மூவரும் 36 மணி நேரத்தில் மலைகளைக் கடந்து திமிங்கில வேட்டை நிலையத்தை அடைந்தார்கள். பனியில் வழுக்காமலிருக்க அவர்களுடைய காலணிகளில் படகின் திருகாணிகளைப் பதித்துக் கொடுத்தவரும் தச்சர்தான்.

எலிஃபண்ட் தீவில் காத்திருந்த 22 பேரையும் நான்காவது முயற்சியில், ஆகஸ்ட் 30 அன்று உயிரோடு மீட்டார்கள். (ஒருவர்கூட இறக்கவில்லை என்று இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்வது பாதி உண்மை. அண்டார்க்டிகாவின் மறுகரையில், வராமலே போன இந்தக் குழுவுக்காக உணவுக் கிடங்குகள் அமைத்த ராஸ் கடல் அணியில் மூவர் மாண்டார்கள்.)

மெக்நிஷுக்குத் துருவப் பதக்கம் கிடைக்கவில்லை, ஷாக்கில்டன் பரிந்துரைக்கவில்லை. எனக்கு இன்றும் உறுத்துவது இதுதான். 1930-இல் வெலிங்டனில் அவர் இறந்தார். 2004-இல் அவருடைய கல்லறைமேல் ஒரு வெண்கலப் பூனையை வைத்தார்கள்.