சம்பளம், ஹைக், ஆஃபர் லெட்டர்: கேளுங்க, சொல்றேன்

கம்பெனிகளுக்கு இன்ஜினியர் எடுத்து சம்பளம் பேசி முடிக்கிறதுதான் என் வேலை, ஐடி, ஆட்டோ ரெண்டும் பாக்குறேன், சென்னை நிலவரம் கேளுங்க. தயவுசெஞ்சு ரெசூமே மட்டும் அனுப்பாதீங்க.

ஓஎம்ஆர்_பையன்: அக்கா, 8 லட்சம் சிடிசி ஆஃபர் வந்துருக்கு. மாசம் 66 ஆயிரம் கைக்கு வருமா?

வராது தம்பி. சிடிசின்னா கம்பெனி உனக்காக வருஷத்துக்கு செலவு பண்ற மொத்தம், கைக்கு வர்றது இல்ல. லெட்டர்ல கடைசி பக்கம் ஒரு டேபிள் இருக்கும், அத மொதல்ல பாரு. பேசிக் 30 ஆயிரம், வேரியபிள், அதாவது வேலைய பாத்து தர்ற பங்கு, 10 பர்சன்ட்னு வச்சுக்கோ. வேரியபிள் 80 ஆயிரம், கம்பெனி பக்கத்து பிஎஃப் 43,200, கிராஜுவிட்டின்னு, வேலைய விட்டு போறப்ப தர்ற தொகைக்காக, ஒரு 17 ஆயிரம், இதெல்லாம் அந்த 8 லட்சத்துக்குள்ளயே உக்காந்துருக்கும். கழிச்சுட்டு 12ஆல வகுத்து, உன் பங்கு பிஎஃப் 3,600 போனா 51 ஆயிரம் சொச்சம் நிக்கும், இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையும் சேத்து எழுதிருந்தா இன்னும் கொறையும். இன்கம் டாக்ஸ் நியூ ரெஜிம்ல இந்த சம்பளத்துக்கு வரி கிடையாது, அது ஒண்ணுதான் நல்ல சேதி. இனிமே யார்ட்ட பேசினாலும் சிடிசி கேக்காத, ஃபிக்ஸட் எவ்ளோன்னு கேளு.

ஆறுவருஷம்: ஒரே கம்பெனில 6 வருஷம் மேடம், வருஷம் 6, 7 பர்சன்ட்தான் ஹைக். நேத்து சேந்தவங்க என்ன விட ஜாஸ்தி வாங்குறாங்க, இது நியாயமா?

நியாயம் இல்லதான், ஆனா எப்படி நடக்குதுன்னு சொல்றேன். ஹைக்குக்கு மேனேஜர் கைல ஒரு தொகைய குடுத்து டீமுக்குள்ள பிரிச்சுக்கோன்னு சொல்லிருவாங்க, உங்களுக்கு ரெண்டு பர்சன்ட் கூட்டினா அது பக்கத்து சீட்டுக்காரர்கிட்டருந்து எடுத்ததாத்தான் இருக்கும். வெளில இருந்து ஆள் எடுக்குறது வேற பட்ஜெட், அங்க சீட் காலியா கெடக்கு, கிளையன்ட்டுக்கு பில் போட முடியாம நிக்குது, அதனால மார்க்கெட் ரேட் குடுத்தே ஆகணும். உள்ளயே இருந்து பெருசா ஏறணும்னா பிரமோஷன் ஒண்ணுதான் வழி, அதுவும் ஏப்ரல்ல லெட்டர் வந்தப்பறம் சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல, ரேட்டிங் மூடுறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே பேசிரணும். வேற ஆஃபர் வாங்கி காட்டினா உடனே ஏத்துவாங்க. ஆனா அப்படி ஏத்தி தர்ற கவுன்ட்டர் ஆஃபர வாங்கிட்டு உக்காந்த நெறைய பேர் அடுத்த வருஷமே திரும்ப என்கிட்ட வந்துருக்காங்க, ஏன்னா அந்த வருஷ ஹைக்க சத்தமில்லாம கழிச்சுருப்பாங்க.

கோவை_டெஸ்டர்: 4 வருஷம் 9 மாசம் ஆச்சு அக்கா. இப்ப பேப்பர் போட்டா கிராஜுவிட்டி போயிருமா? நோட்டீஸ் 90 நாள்.

கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷ சர்வீஸ் வேணும். நோட்டீஸ் பீரியடும் சர்வீஸ்தான் மா, அத முழுசா சர்வ் பண்ணா அஞ்சு வருஷத்த தொட்டுருவ, ஒண்ணு ரெண்டு நாள் கொறையுதான்னு மட்டும் பாத்துக்கோ. புது கம்பெனி பைஅவுட் பண்றோம், அதாவது மிச்ச நோட்டீஸுக்கு நாங்க காசு கட்டிர்றோம், சீக்கிரம் வான்னு அவசரப்படுத்துவாங்க, தேதிய எண்ணாம தலையாட்டாத. கடைசி பேசிக் 40 ஆயிரம்னா அத 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி, அஞ்சு வருஷத்துக்கு 1,15,000க்கு மேல வருது. நாலு வருஷமும் 240 நாளும் போதும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் 1998லயே சொல்லிருக்கு, ஆனா எல்லா கம்பெனியும் அத கேட்ட உடனே குடுத்துராது, தொழிலாளர் துறை வரைக்கும் அலையணும். அப்பறம், பிஎஃப எடுத்துராத, டிரான்ஸ்ஃபர் போடு.

பேரு_வேணாம்: பழைய சம்பளத்த கொஞ்சம் ஏத்தி சொல்லலாமா?

வேணாம். பேஸ்லிப், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாமே கேப்பாங்க, பிஎஃப் பாஸ்புக்லயே பேசிக் தெரிஞ்சுரும், சேந்தப்பறம் மாட்டினா இன்னும் அசிங்கம். எனக்கு இவ்ளோ வேணும்னு நேரா கேளுங்க, அதுல தப்பே இல்ல.

ஒரகடம்வாசி: மெக்கானிக்கல், ஜிஇடி (ட்ரெய்னி காலம்) முடிஞ்சும் 22 ஆயிரம்தான். எல்லாரும் ஐடிக்கு போன்னு சொல்றாங்க சார்.

சார் இல்ல, அக்கா! புடிச்சிருந்தா போங்க, ஆனா ஃபிரஷரா முதல் படிலருந்து ஆரம்பிக்கணும், கிளையன்ட்டுக்கு வேல செஞ்சு குடுக்குற பெரிய சர்வீஸ் கம்பெனிகள்ல அந்த முதல் படி ரொம்ப வருஷமா மூணு, மூணரை லட்சத்துலயே நிக்குது. ப்ரொடக்ஷன் லைன்ல ஷிஃப்ட் பாத்துட்டே இருந்தா சம்பளம் ஏறாதுங்கறது உண்மைதான். ஆனா அதே வண்டிய டிசைன் பண்றவங்க செங்கல்பட்டு மஹிந்திரா சிட்டிலயே இருக்காங்க, மஹிந்திரா ரிசர்ச் வேலி, ரெனோ நிசான் டெக் சென்டர் ரெண்டும் அங்கதான். கேட்டியா (CATIA), என்எக்ஸ் (NX) மாதிரி ஒரு டிசைன் சாஃப்ட்வேர உருப்படியா கத்துக்கிட்டா ஷாப் ஃப்ளோர் பாத்த அனுபவத்துக்கு அங்க மதிப்பு இருக்கு. எம்பெடட் பக்கம், அதாவது வண்டிக்குள்ள ஓடுற எலக்ட்ரானிக்ஸ், சாஃப்ட்வேர் பக்கம் சாய முடிஞ்சா இன்னும் நல்லது. கேட் (GATE) இன்ஜினியரிங் பரீட்சை எழுதினா ஸ்கோர் மூணு வருஷம் செல்லும், அதையும் ஓரமா வச்சுக்கோங்க.

டெக்லீட்: மேனேஜர் ஆனாதான் சம்பளமா?

சர்வீஸ் கம்பெனில பெரும்பாலும் ஆமா. சொந்தமா சாஃப்ட்வேர் பண்ற ப்ராடக்ட் கம்பெனி, ஜிசிசி (வெளிநாட்டு கம்பெனிகளோட சொந்த இந்திய சென்டர்) ரெண்டுலயும் கோட் எழுதிட்டே ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர்னு போகலாம், ஆனா சீட் கம்மி.

புதுசு23: ரெண்டு வருஷ பாண்ட், முன்னாடி போனா 2 லட்சம்னு சைன் வாங்குனாங்க. சும்மா மிரட்டலா?

முன்னாடி நானும் பயப்படாதன்னுதான் சொல்லிருப்பேன். 2025 மே மாசம் ஒரு பொதுத்துறை வங்கி கேஸ்ல, மூணு வருஷத்துக்குள்ள போனவர் 2 லட்சம் கட்டணும்கிற கண்டிஷன் செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அது பரீட்சை வச்சு ஆள் எடுக்குற அரசு வங்கி, எல்லா கம்பெனிக்கும் அப்படியே பொருந்தாது, உனக்கு நெஜமாவே ட்ரெய்னிங் குடுத்தாங்களா, எவ்ளோ செலவாச்சுன்னு பாப்பாங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட் வாங்கி வச்சுருந்தா அத மொதல்ல ரைட்டிங்ல திருப்பி கேளு. புது கம்பெனி ஹெச்ஆர்ட்டயும் பாண்ட் இருக்குன்னு முன்னாடியே சொல்லிரு, சில பேர் அத கட்டியே கூட்டிட்டு போவாங்க.