பிட் ஸ்டாப் கேள்வி–பதில்: லோம்பார்டியின் அரைப் புள்ளி

சென்ற இதழ் வினாடி வினாவில், ‘ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப்பில் புள்ளி எடுத்த ஒரே பெண் யார்?’ என்று கேட்டிருந்தோம். விடை: இத்தாலியின் லெல்லா லோம்பார்டி. எடுத்தது அரைப் புள்ளி. பெயரைச் சரியாகச் சொன்னவர்கள் நிறைய. அந்த ‘அரை’யைப் பிடித்துக்கொண்டு கேள்வி அனுப்பியவர்கள் அதைவிட நிறைய.

அரைப் புள்ளி என்பது அச்சுப்பிழையா? கிரிக்கெட்டில் அரை ரன் உண்டா? (ஈரோடு வாசகர்)

அச்சுப்பிழை இல்லை. அந்தக் காலத்தில் முதல் ஆறு இடங்களுக்கு மட்டுமே புள்ளி: 9, 6, 4, 3, 2, 1. பந்தயம் பாதியில் நின்றுபோய், ஓடிய தூரம் போதாது என்றால் எல்லாருக்கும் பாதிப் புள்ளிதான். 1975 ஏப்ரல் 27, பார்சலோனாவின் மான்ட்ஜுயிக் தெருச் சுற்றில் நடந்த ஸ்பானிஷ் கிராண்ட் பிரியில் 75 சுற்றுகள் ஓட வேண்டும். 29 சுற்றோடு கொடி காட்டி நிறுத்திவிட்டார்கள். முதலில் வந்த யோகன் மாஸுக்கு 9-க்குப் பதில் 4.5 கிடைத்தது. ஆறாவதாக இருந்த லோம்பார்டிக்கு 1-ல் பாதி.

அவர் 24-ஆவதாகப் புறப்பட்டவர். முதல் சுற்றிலேயே முன்வரிசை ஃபெராரிகள் இரண்டும் மோதலில் சிக்கின. அதன்பிறகும் கார்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே இருந்தன. நிறுத்தியபோது லோம்பார்டி மாஸுக்கு இரண்டு சுற்று பின்னால்தான் இருந்தார். அதிர்ஷ்டம் என்று சொல்வீர்களானால் மறுக்க மாட்டோம். அன்று மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

எங்களைக் கேட்டால், அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் எடுத்த ஏழாம் இடம்தான் பெரிய காரியம். ஒரு சுற்றே ஏறக்குறைய 23 கிலோமீட்டர், மொத்தம் 14 சுற்று, முழு தூரமும் ஓடி முடித்த பந்தயம் அது. ஏழாம் இடத்துக்கு அன்று சல்லிப் புள்ளி கிடையாது. இன்றைய கணக்கில் 6 புள்ளி.

மான்ட்ஜுயிக்கில் வேலி சரியில்லை என்று முன்பே தெரியும் என்கிறார்களே, பிறகு ஏன் ஓட்டினார்கள்? (நாகர்கோவில்)

தெரியும். பயிற்சி நாளன்றே ஓட்டுநர்கள் நடந்து பார்த்தார்கள். இரும்புத் தடுப்பு வேலியின் போல்ட்டுகள் பல இடங்களில் முறுக்கப்படாமல் தொளதொளவென்று இருந்தன. சில இடங்களில் போல்ட்டே இல்லை. இத்தகைய வேலியின் பலம் தகட்டில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. ஒரு தகட்டில் விழும் அடியைப் பக்கத்துத் தகடுகளும் தூண்களும் பங்குபோட்டு வாங்க வேண்டும். இணைப்பு போல்ட் தளர்ந்திருந்தால் அந்த ஒரு தகடு மட்டும் கதவுபோலத் திறந்துகொள்ளும். இன்னொன்று, தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றும்போது வெளியே தெரியும் விளிம்பு கார் போகும் திசையையே பார்த்திருக்க வேண்டும். மாறிப்போனால் உரசிக்கொண்டு வரும் காரை அந்த விளிம்பு ஈட்டிபோலக் குத்தும்.

ஓட்டமாட்டோம் என்று ஓட்டுநர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அணிகளின் மெக்கானிக்குகளே ஸ்பானரோடு போய் வேலியை முறுக்கினார்கள். ஓட மறுத்தால் கார்களைப் பறிமுதல் செய்வோம் என்று அமைப்பாளர்கள் தரப்பில் மிரட்டல் வந்தது. நடப்பு சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டி மட்டும் அசையவில்லை. பேருக்கு மூன்று சுற்று மெதுவாக ஓட்டிக் காட்டிவிட்டு, பந்தயத்துக்கு நிற்காமல் கிளம்பிப் போய்விட்டார்.

26-ஆவது சுற்றில், முன்னணியில் இருந்த ரோல்ஃப் ஸ்டோமெலனின் காரில் பின் இறக்கை முறிந்தது. கார் வேலியைத் தாண்டிப் பறந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். ஃபார்முலா 1 அந்தத் தெருக்களுக்குத் திரும்பவே இல்லை. லோம்பார்டியின் அரைப் புள்ளியைப் பற்றிப் பேசும்போது அந்த ஐந்து உயிர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் பெண் அவர்தானா? (மதுரை)

இல்லை. நேப்பிள்ஸில் பிறந்த மாரியா தெரேசா டி ஃபிலிப்பிஸ், 1958-ல் மசராட்டி 250எஃப் ஓட்டினார். பெல்ஜியத்தின் ஸ்பாவில் பத்தாம் இடம். போர்ச்சுகலிலும் இத்தாலியின் மான்ஸாவிலும் இன்ஜின் போனது. அடுத்த ஆண்டு மொனாக்கோவில் தகுதி பெறவில்லை. அவருக்குக் காரைக் கொடுத்த ஜான் பெஹ்ரா அந்த ஆண்டு ஆகஸ்டில் பெர்லினில் விபத்தில் இறந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டார். அவருடைய 1958 மான்ஸா பந்தயத்துக்குப் பின் ஒரு பெண் கிராண்ட் பிரியில் புறப்பட 16 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. புறப்பட்டவர் லோம்பார்டி, 1975 மார்ச் 1, தென்னாப்பிரிக்காவின் கயாலமி. அன்று எரிபொருள் அழுத்தம் குறைந்து பாதியில் நின்றார்.

இறைச்சிக் கடைக்காரர் மகள் என்று படித்தேன். பணமில்லாமல் எப்படி அந்த உயரத்துக்குப் போனார்? (தஞ்சாவூர்)

அவர் பிறந்தது 1941 மார்ச் 26, பீட்மாண்டில் அலெஸ்ஸாண்ட்ரியா பக்கத்தில் உள்ள ஃப்ரூகரோலோ என்ற சிற்றூரில். இயற்பெயர் மாரியா கிராசியா. குடும்பத்து டெலிவரி வேனில்தான் ஸ்டீயரிங் கைக்குப் பழகியது.

ஏறிய படிகளைப் பாருங்கள். முதலில் ஃபார்முலா மான்ஸா: ஃபியட் 500-ன் குட்டி இன்ஜினை வைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்கள். உதிரிபாகம் மலிவு, உடைந்தாலும் கையைக் கடிக்காது. பிறகு ஃபார்முலா 850. 1970-ல் அதில் இத்தாலிய சாம்பியன். பிறகு ஃபார்முலா 3. 1974-ல் இங்கிலாந்து போய் ஃபார்முலா 5000-ல் லோலா காரை ஓட்டினார். இந்தக் கடைசிப் படியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் 5 லிட்டர் வி8, அகலமான டயர், பவர் ஸ்டீயரிங் கிடையாது. ‘பெண்ணுக்குக் கை வலு போதாது’ என்ற பேச்சுக்கு, சாம்பியன்ஷிப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்து பதில் சொன்னார்.

பணம்? 1975-ல் ‘மார்ச்’ என்ற பிரிட்டிஷ் அணியில் இடம் கிடைத்ததற்குப் பின்னால் இத்தாலியப் பிரபு விட்டோரியோ சானோனின் ஆதரவும் லவாஸா காபி நிறுவனத்தின் விளம்பரமும் இருந்தன. ‘காசு கொண்டுவந்து சீட் வாங்கினார்’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அன்றைய தொடக்க வரிசையில் பலர் அப்படித்தான். பின்னாளில் உலக சாம்பியனான நிக்கி லௌடாவே வங்கியில் கடன் வாங்கித்தான் மார்ச் அணிக்குள் நுழைந்தார்.

1974-ல் அவர் காரில் 208 என்று எண் போட்டிருந்தது ஏன்? அத்தனை கார்களா ஓடின? (வேலூர்)

ஸ்பான்சர் ரேடியோ லக்ஸம்பர்க். அந்த நிலையத்தின் அலைநீளம் 208 மீட்டர். ஒளியின் வேகமான விநாடிக்கு 3,00,000 கிலோமீட்டரை நிலையத்தின் அலைவரிசையான 1,440 கிலோஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள், 208 வரும். பிரிட்டிஷ் கிராண்ட் பிரிக்கு பிராபம் காரில் முயன்றார். தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை.

நான் கார்ட் (குட்டிப் பந்தய வண்டி) பந்தயத்தில் ஓட்டுகிறேன். இரண்டு மாதமாக வண்டி இடது வளைவில் ஒருமாதிரி, வலதில் ஒருமாதிரி போகிறது. எந்த அட்ஜஸ்ட்மென்டும் எடுபடவில்லை. ‘ஓட்டத் தெரியவில்லை’ என்கிறார் மெக்கானிக். இதை உங்களிடம் கேட்கலாமா? (கோவை)

தாராளமாகக் கேட்கலாம். லோம்பார்டியிடமும் இதையேதான் சொன்னார்கள்.

1975 முழுக்க, மார்ச் அணியின் 751 கார் வளைவுகளில் சொன்னபடி கேட்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஓட்டுநரின் குறை என்று அணி நினைத்தது. 1976-ல் பிரேசில் பந்தயத்தோடு அவர் இடம் போனது. வந்தவர் ரானி பீட்டர்சன். கார் கைமாறியதும் அவரும் அதே புகாரைச் சொன்னார். உலகின் வேகமான கைகளில் ஒன்று சொன்னதால் காரைப் பிரித்துப் பார்த்தார்கள். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில், மக்னீசிய வார்ப்பில், விரிசல். அணியினரே பின்னாளில் ஒப்புக்கொண்ட சங்கதி இது.

அந்த விரிசல் ஏன் அப்படிப் படுத்தியது? அக்கால ஃபார்முலா 1 காரில் இன்ஜின்தான் பின்பக்கச் சட்டம். காஸ்வொர்த் டிஎஃப்வி இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கே இடத்தில் பிணைப்பார்கள். கியர்பாக்ஸும் பின் சஸ்பென்ஷனும் அந்த இன்ஜினில் தொங்கும். ஆக, பிணைப்பு விழும் குறுக்குச் சட்டம் விட்டுக்கொடுத்தால் காரின் பின்பாதி முழுதும் முன்பாதியைவிட்டுத் தனியாக முறுக்கும். நீங்கள் ஸ்பிரிங்கை மாற்றுகிறீர்கள், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரை மாற்றுகிறீர்கள். ஆனால் யாரும் பொருத்தாத ஒரு ஸ்பிரிங் நடுவில் உட்கார்ந்துகொண்டு உங்கள் மாற்றத்தை எல்லாம் விழுங்கிவிடுகிறது. ஒரு பக்க வளைவில் விரிசல் வாய் திறக்கும், மறுபக்கத்தில் மூடும். நிற்கும்போது மூடியே இருப்பதால் அலைன்மென்ட் அளவு சரியாகவே காட்டும். உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறியும் இதுவே.

கார்ட்டில் பார்க்க வேண்டிய இடங்கள்: பின் அச்சின் பேரிங் தாங்கிகள் சட்டத்தோடு சேரும் வெல்டிங், சீட் தாங்கிக் கம்பியின் அடி, முன் கிங்பின் ‘சி’ வளையங்கள், தரையில் உரசி மெலிந்த குழாய்களின் அடிப்பக்கம். வெல்டிங்கின் நடுவைவிட அதன் ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும்.

கண்ணால் தேடினால் கிடைக்காது. சாயம் ஊடுருவும் சோதனை செய்யுங்கள். கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று ஸ்பிரே டப்பாக்கள் சேர்ந்த செட் கிடைக்கும். முதலில் பெயின்ட்டை ரசாயன ரிமூவரால் எடுங்கள். கிரைண்டரோ மணல் பீய்ச்சலோ வேண்டாம், உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி நன்றாக உலரவிட்டு, சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்து முதல் இருபது நிமிடம் விடுங்கள். பிறகு பஞ்சு உதிராத உலர்ந்த துணியால் துடையுங்கள். கடைசியில் கிளீனர் தெளித்த துணியால் லேசாக ஒரு துடைப்பு. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது: கிளீனரை நேராகப் பாகத்தின்மேல் பீய்ச்சுவார்கள்; விரிசலுக்குள் இறங்கிய சாயமும் கழுவிப் போய், ‘ஒன்றுமில்லை’ என்று முடிவுகட்டுவார்கள். டெவலப்பர் டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஓர் அடி தள்ளிப் பிடித்து, மெல்லிய படலமாக அடியுங்கள். திட்டுத்திட்டாக அடித்தால் நூலிழை விரிசல் அடியில் மறைந்துபோகும். பத்து நிமிடத்தில் விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகக் கசியும். புள்ளி புள்ளியாக வந்தால் அது பெரும்பாலும் வெல்டிங்கின் நுண்துளை. வெயிலில் காய்ந்த சட்டத்தில் செய்யாதீர்கள். உலோகம் 50 டிகிரிக்கு மேல் சுட்டால் சாயம் உள்ளே இறங்குமுன் காய்ந்துவிடும்.

விரிசல் தெரிந்தால் மேலே ஒரு தகட்டை வைத்து ஒட்டவைக்கும் வேலை வேண்டாம். விரிசல் தகட்டின் ஓரத்துக்கு இடம் மாறும், அவ்வளவே. எஃகுச் சட்டம் என்றால் சாஸி வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, விரிசலை முழுதும் வெட்டியெடுத்து, ஜிக்கில் (சட்டத்தை அசையாமல் பிடிக்கும் அமைப்பில்) கட்டி வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். மக்னீசிய வார்ப்பு என்றால் மாற்றுவதே வழி. அதை கிரைண்டரில் தேய்க்கவும் கூடாது. தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம்.

சட்டம் சுத்தமாக இருந்தால் மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாமல் இப்படிச் செய்யுங்கள்: ஒவ்வொரு வளைவுக்கும் நுழைவு, நடு, வெளியேற்றம் என்று மூன்று கட்டம் போட்டு, எந்தச் சுற்றில் என்ன ஆனது என்று எழுதுங்கள். பிறகு உங்கள் எடைக்குச் சமமான இன்னொருவரை, எதையும் சொல்லாமல், பத்துச் சுற்று ஓட்டவிட்டு அவரையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாளும் ஒத்துப்போனால் குறை வண்டியில். லோம்பார்டியின் விஷயத்தில் இந்தச் சோதனை தற்செயலாகத்தான் நடந்தது, அதுவும் அவர் வெளியேறிய பிறகு.

ஃபார்முலா 1-க்குப் பிறகு என்ன ஆனார்? (திருநெல்வேலி)

நன்றாக ஓட்டினார். 1976 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் பிராபம் காரில் 12-ஆம் இடம், அதுதான் அவருடைய கடைசி கிராண்ட் பிரி. மொத்தம் 12 பந்தயங்களில் புறப்பட்டிருக்கிறார். 1977-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கிறிஸ்டின் பெக்கர்ஸோடு இனால்டெரா காரில் 11-ஆம் இடம். அதே ஆண்டு அமெரிக்காவின் டேடோனாவில் நாஸ்கார் பந்தயத்திலும் இறங்கினார். ஒஸெல்லா விளையாட்டுக் கார்களில் 1979-ல் வல்லெலுங்கா 6 மணி நேரத்தையும், 1981-ல் முஜெல்லோ 6 மணி நேரத்தையும் ஜார்ஜியோ ஃபிரான்சியாவோடு வென்றார். சரியான காரும் அடுத்தடுத்துப் பந்தயங்களும் கிடைத்தபோது என்ன செய்தார் என்று தெரிய இந்த வெற்றிகளைத்தான் பார்க்க வேண்டும். அரைப் புள்ளிக் கதையே பிரபலமாகிவிட்டதில் இவை மறைந்துபோயின. 1980-களின் இறுதியில் ஓட்டுவதை நிறுத்தி, தன் பெயரிலேயே ஓர் அணி தொடங்கினார். 1992 மார்ச் 3, மிலானில் புற்றுநோயால் இறந்தார். வயது 50.

அவருக்குப் பின் யாருமே வரவில்லையா? (புதுச்சேரி)

முயன்றார்கள். டிவினா கலிகா, டெசிரே வில்சன், கடைசியாக 1992-ல் இன்னொரு இத்தாலியப் பெண், ஜியோவானா அமாட்டி. மூவருமே உலக சாம்பியன்ஷிப் பந்தயத்துக்குத் தகுதி பெறவில்லை. அமாட்டி முதலில் முயன்றதும் அதே கயாலமி, பந்தய நாளும் அதே மார்ச் 1. இரண்டு நாள் கழித்து லோம்பார்டி இறந்தார்.