லிங்க்ட் ஓப்பன் டேட்டாவால குடும்ப வரலாறு தேடுறவங்களுக்கு நெஜமாவே பிரயோஜனம் உண்டா?

உண்டு, ஆனா நீங்க நெனைக்கிற எடத்துல இல்ல. லிங்க்ட் ஓப்பன் டேட்டான்னா, தகவலை யார் வேணா எடுத்துக்கற மாதிரி இணையத்துல திறந்து வச்சு, ஒண்ணோட ஒண்ணு கோக்குறது. நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல சாட்ஸ்வர்த், பொழப்பு கம்ப்யூட்டர் வேலை, இந்த வரலாறு எல்லாம் ஞாயித்துக்கிழமை பைத்தியம்தான்.

நேட்டாலுக்கு (டர்பன் இருக்கிற பகுதி, அப்ப பிரிட்டிஷ் காலனி) 1860லேர்ந்து 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல ஒப்பந்தக் கூலியா வந்தாங்க, மொத கப்பல் ட்ரூரோ, மெட்ராஸ்லேர்ந்து கெளம்பி 1860 நவம்பர் 16ல இங்க வந்துச்சு. கப்பல் லிஸ்ட்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கொலோனியல் நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, கிராமம். இதை வச்சு எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் எக்செல்ல வம்சாவளி போட்டாரு. அதுல முனுசாமி ரெண்டு பேரு, ஒரே ஜில்லா, வயசும் கிட்டத்தட்ட ஒண்ணு, அண்ணன் "க்ளார்க் ரெண்டு தடவை எழுதிட்டான்டா"ன்னு ரெண்டையும் ஒரே வரியாக்கிட்டாரு. அப்புறம் பாத்தா அதுல ஒருத்தர் பத்து வருஷம் முடிஞ்சதும் கப்பலேறி ஊருக்கே திரும்பிட்டவரு. தீபாவளி அன்னிக்கு பெரியம்மா கேட்டாங்க, "அப்ப நாம யாரு புள்ளைங்கப்பா?"

லிங்க்ட் டேட்டாவுல இதே தப்பைப் பண்ண ஒரு சொல்லே இருக்கு, 'சேம் ஆஸ்'. இதுவும் அதுவும் ஒண்ணேன்னு ஒரு வரி எழுதினா போதும், மெஷின் ரெண்டு பேரோட தகவலையும் கலந்துடும், அதை எடுத்து இன்னொருத்தன் தன் டேட்டாவோட கோத்துட்டான்னா எக்செல் மாதிரி ஒரு வரிய அழிச்சு சரி பண்ண முடியாது. அதனால ஆளை அவசரப்பட்டு இணைக்காதீங்க, 'இந்த லிஸ்ட்ல இந்தப் பேர்ல ஒரு பதிவு இருக்கு'ன்னு மட்டும் எழுதுங்க, அதே ஆளுதான்னு சொல்றது தனி வரி, யாரு சொன்னது எதை வச்சு சொன்னதுன்னு அது பக்கத்துலயே இருக்கணும்.

கொலோனியல் நம்பர் ஒரு அருமையான விஷயம். இணையம் வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடியே வெள்ளைக்காரன் ஆளுக்கொரு ஐடி குடுத்துட்டான் (நம்மள எண்ணி வேலை வாங்கத்தான், வேற எதுக்கு). ஆனா மொரிஷியஸ்லயும் இதே மாதிரி நம்பர் குடுத்தாங்க, அந்தப் பதிவெல்லாம் மோகால மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல இருக்கு. வெறும் நம்பரை மட்டும் போட்டா நேட்டால் ஆளா மொரிஷியஸ் ஆளான்னு தெரியாது, அங்கேர்ந்து இங்க வந்தவங்களும் உண்டு, அவங்கள்ல சிலருக்கு ரெண்டு நம்பரும் இருக்கலாம். யூஆர்ஐன்னு பயமுறுத்துறாங்களே, அது இவ்வளவுதான்: நம்பருக்கு முன்னாடி ஒரு வெப் முகவரியைச் சேத்து உலகத்துல ஒண்ணே ஒண்ணா ஆக்குறது.

நெஜமான லாபம் ஊர்ப் பேர்லதான் இருக்கு. லிஸ்ட்ல 'நார்த் ஆர்க்காட்'னு இருக்கும், நீங்க வேலூர்னு நெனச்சு டிக்கெட் போடுவீங்க. 1911ல சித்தூர் ஜில்லாவைத் தனியா பிரிச்சப்ப வட ஆர்க்காட்லேர்ந்து சில தாலுக்கா அங்க போச்சு, இன்னைக்கு அது ஆந்திரா, மிச்சம் 1989ல திருவண்ணாமலை, 2019ல ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு பிரிஞ்சிருக்கு. ஜியோநேம்ஸ், விக்கிடேட்டா மாதிரி திறந்த தகவல் தளத்துல ஊருக்கு ஒரு நிலையான எண் இருக்கு, சென்னை கியூ1352, மெட்ராஸ்னு தேடுனாலும் அதுதான் வரும். கிராமத்தை அப்படி ஒரு எண்ணோட கோத்துட்டா, எந்தெந்தக் கப்பல்ல அந்த ஊர்க்காரங்க வந்தாங்கன்னு ஒரே ஸ்பார்க்கில் (லிங்க்ட் டேட்டாவைக் கேள்வி கேக்குற மொழி) கேள்வியில கேக்கலாம். ஊரை ஆள மாதிரி குழப்பிக்க மாட்டீங்க, தப்பானாலும் யாரோட தாத்தாவும் மாறிடப் போறதில்ல.

அட்லாண்டிக் அடிமை வியாபாரத்துக்கு 'என்ஸ்லேவ்ட்'னு ஒரு தளம் 2020லேர்ந்து இருக்கு, ஆள், நிகழ்ச்சி, எடம், ஆவணம் எல்லாத்தையும் தனித்தனியா வச்சு கோத்திருக்காங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதைப் பாத்துடுங்க.

பேரை மட்டும் திருத்தாதீங்க ப்ளீஸ். மூன்சாமின்னு எழுதியிருந்தா மூன்சாமியாவே இருக்கட்டும், முனுசாமிங்கறதை பக்கத்துல இன்னொரு பேரா போடுங்க. இங்க பாதிப்பேரு கவுண்டர் இல்ல, கோவெண்டர், அதுவும் வரலாறுதான். லிஸ்ட்ல ஜாதி எழுதியிருக்கிற பத்தியை (column) நான் திறந்து போடல. ஓப்பன்னா எல்லாத்தையும் தெருவுல போடணும்னு சட்டமில்ல. அண்ணனுக்கு அதுல கோவம், எக்செல்லை இன்னும் மாத்தல.