டீச்சரிடம் கேளுங்கள்: கைராசியா, கரண்டியா?

பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

*இட்லி மாவை மாமியார் கையால் கரைத்து வைத்தால் காலையில் சட்டி நிறையப் பொங்கி நிற்கிறது. நான் கரண்டியால் கலக்கினால் அப்படியே கிடக்கிறது. "உனக்குக் கைராசி இல்லை" என்கிறார். நிஜமாகவே கையில் ஏதாவது இருக்கிறதா, டீச்சர்?*
– ஒரு வாசகி, தேனி

மாமியார் மருமகள் வழக்கில் என்னை மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். நான் உளுந்தின் கட்சி.

மாவைப் பொங்க வைக்கும் பாக்டீரியா யார் கையிலிருந்தும் வர வேண்டியதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் அதுவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. 1965இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இட்லி மாவை ஆராய்ந்து, அதை உப்ப வைப்பது முக்கியமாக லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியாதான் என்று எழுதினார்கள். பெயர்தான் வாயில் நுழையாது, ஆள் நம் வீட்டு ஆள். ஊற வைக்கும்போதே பெருகத் தொடங்கிவிடும். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடும். அமிலத்தால் புளிப்பு, வாயுவால் பொங்கல்.

வாயு உண்டானால் போதுமா? அதைத் தப்பவிடாமல் பிடித்து வைக்க வேண்டுமே. அந்த வேலையைச் செய்வது உளுந்து. அதிலுள்ள புரதமும் வழவழப்பும் சேர்ந்து குமிழிகளை உடையாமல் வைத்திருக்கும். உளுந்து சேர்க்காமல் அரிசியை மட்டும் அரைத்து வைத்துப் பாருங்கள். புளிக்கும், ஆனால் இட்லி கல்லாகத்தான் வரும்.

அப்புறம் ஏன் மாமியார் மாவு மட்டும் பொங்குகிறது? என் ஊகம் இது. கை சட்டியின் அடிவரை போகும், கரண்டி பெரும்பாலும் மேலாகவே சுற்றும். அரிசி மாவு அடியில் தங்கிவிட்டால் மாவு பொங்காது. இன்னொன்று, அவர் சட்டியை எங்கே வைக்கிறார் என்று கவனித்தீர்களா? அடுப்பு மேடை ஓரமாக இருக்கும். இந்தப் பாக்டீரியா 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். மார்கழியில் மாவு சண்டித்தனம் செய்வது அதனால்தான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஆட்டில் வந்த மாவை, ஒரே அளவு உப்புப் போட்டு, மூன்று கண்ணாடி டம்ளர்களில் பாதிவரை ஊற்றுங்கள். ஒன்றை மாமியார் கையால் கலக்கட்டும். இன்னொன்றை நீங்கள் கரண்டியால், அடிவரை விட்டு, நன்றாகக் கலக்குங்கள். மூன்றாவதையும் கரண்டியால் கலக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாவு நிற்கும் மட்டத்தில் ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு ரப்பர் பேண்ட். வெளியே இருக்கும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒன்று அடுப்போரம் ஒன்று ஜன்னலோரம் என்று வைத்தால் கணக்கு கெட்டுவிடும். படுக்கப் போகும் முன் கண்ணாடி வழியாகப் பாருங்கள், ஊசி குத்தியது போல அங்கங்கே சின்னப் புள்ளிகள் தெரியும். காலையில் அவை பெரிதாகி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். ஃபிரிட்ஜில் வைத்தது ரப்பர் பேண்டைத் தாண்டுவதே அபூர்வம்.

பந்தயம் கட்டச் சொன்னால், கையும் கரண்டியும் ஏறக்குறையச் சமமாகத்தான் வரும் என்று கட்டுவேன். முடிவை மாமியாரிடம் எந்தத் தொனியில் சொல்வது என்பது உங்கள் பொறுப்பு.

*குற்றாலம் போனபோது மரத்தடியில் கிடந்த அத்திப்பழத்தைப் பையன் எடுத்துக் கடித்துவிட்டான். மீதியைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே குட்டிக் குட்டிப் பூச்சிகள்! ஏதாவது ஆகுமா?*
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பூச்சியால் பையனுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். கீழே கிடந்ததைக் கழுவாமல் தின்றானே, கண்டிக்க வேண்டுமானால் அதற்குக் கண்டியுங்கள்.

"அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்று பழமொழியே இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்த்தது சொத்தை இல்லை, அத்திக் குளவி. அந்தக் குளவி இல்லாவிட்டால் நம் நாட்டு அத்தியில் விதை பிடிக்காது. அத்தியின் பூக்கள் அந்த உருண்டைக்கு உள்ளேதான் இருக்கின்றன, நூற்றுக்கணக்கில். நுனியில் இருக்கும் சிறு துளை வழியாகப் பெண் குளவி நெருக்கியடித்துக்கொண்டு நுழையும். அப்படி நுழையும்போது சிறகு பிய்ந்துவிடும். கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். குஞ்சுகளில் ஆண்கள் முதலில் வெளிவரும். அவற்றுக்குச் சிறகே கிடையாது. பெண்களோடு இணைந்து, அவை வெளியேற ஒரு வழி குடைந்து கொடுப்பதோடு ஆண்களின் ஆயுள் முடிந்தது. பெண்கள் புது மகரந்தத்தோடு அடுத்த காயைத் தேடிப் பறக்கும்.

இன்னொரு முறை போனால், நிறம் மாறத் தொடங்கிய காய்கள் சிலவற்றைக் கொண்டுவந்து பாட்டிலில் போட்டு வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். சரியான பருவத்துக் காயாக இருந்தால் ஓரிரு நாளில் குளவிகள் வெளியே வந்து துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடையில் விற்கும் உலர்ந்த சீமை அத்தி வேறு இனம். அதில் பல ரகங்கள் குளவி இல்லாமலேயே பழுத்துவிடும்.

*பல்லி போன பிறகும் வால் மட்டும் துள்ளுகிறதே, அதற்கு உயிர் இருக்கிறதா மிஸ்?*
– ஆறாம் வகுப்பு மாணவன், ஈரோடு

நல்ல கேள்வி, தம்பி. வாலுக்குள் ஓடும் தண்டுவட நரம்பு, மூளை இல்லாமலேயே தசைகளுக்குக் கொஞ்ச நேரம் உத்தரவு போடும். அதனால்தான் துள்ளல். பூனை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பல்லி தப்பிவிடும். வால் எலும்புகளில் முறிவதற்கென்றே பலவீனமான இடங்கள் உண்டு, கண்ட இடத்தில் அறுந்து போவதில்லை. திரும்ப முளைக்கும் வாலில் எலும்பு வராது, குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். இன்று ராத்திரி டியூப்லைட் பக்கத்துப் பல்லிகளைப் பார். வாலின் பாதியில் நிறமோ கோடுகளோ சட்டென்று மாறியிருந்தால் அது புது வால். எத்தனை பல்லிக்குப் புது வால் என்று எண்ணி எனக்கு எழுது. வாலைப் பிடித்து இழுத்துச் சோதிக்கக் கூடாது. வால் அதற்குக் கொழுப்புச் சேமிப்பு, இழந்தால் பெரிய நஷ்டம்.

*வெங்காயம் நறுக்கினால் ஏன் கண்ணீர்?*
– ஒரு வாசகி, சேலம்

வெட்டும்போது செல்கள் உடைந்து, தனித்தனியாக இருந்த பொருள்கள் கலந்து, கந்தகம் கொண்ட ஒரு வாயு கிளம்புகிறது. அதை உண்டாக்கும் நொதியை ஜப்பான் ஆய்வாளர்கள் 2002இல்தான் கண்டுபிடித்தார்கள். குளிரவைத்த வெங்காயம், கூரான கத்தி. இரண்டும் உதவும்.

*எட்டாவது படிக்கும் மகள் மைக்ராஸ்கோப் கேட்கிறாள். நல்லதாக எது வாங்கலாம்?*
– ஒரு தந்தை, மதுரை

உடனே காசைக் கொட்டாதீர்கள். முதலில் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். ஆர்வம் நீடித்தால் ஃபோல்ட்ஸ்கோப் வாங்கிக் கொடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய, காகிதத்தை மடித்துச் செய்யும் மைக்ராஸ்கோப் அது. சுமார் 140 மடங்கு காட்டும். பெரிய வெங்காய இதழின் உட்பக்கம் கண்ணாடி போல ஒரு தோல் உரிந்து வரும். அதைச் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செல்லும், அதற்குள் மஞ்சள் கலந்த பழுப்புப் பொட்டாக நியூக்ளியஸும் தெரியும். டிங்சர் கறை துணியில் லேசில் போகாது, பழைய சட்டை போட்டுக்கொண்டு உட்காரட்டும்.